பேச்சு வருமுன் பட்ட காயம்: அதை ஆற்றப் பயிற்சி பெறுபவர்கள் எதைக் கற்கிறார்கள்?

"சின்னக் குழந்தைதானே, அதற்கு என்ன புரிந்திருக்கும்? வளர வளர மறந்துவிடும்." விபத்து, தீ, வீட்டுக்குள் அடிதடி, திடீர் மரணம், நீண்ட நாள் மருத்துவமனை வாசம் என்று எது நடந்தாலும் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. சொல்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த ஆறுதல் குழந்தையைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

மறக்கிறதா இல்லையா என்பதை அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லெனோர் டெர் நேரடியாகவே ஆராய்ந்தார். ஐந்து வயதுக்கு முன் கொடிய அனுபவத்துக்கு ஆளான 20 குழந்தைகளைப் பற்றி அவர் 1988இல் எழுதினார். என்ன நடந்தது என்பதற்கு வெளியே வேறு ஆதாரமும் இருந்த குழந்தைகள் அவர்கள். அதனால் குழந்தை சொல்வதையும் செய்வதையும் நடந்ததோடு ஒப்பிட முடிந்தது. ஏறத்தாழ 28 முதல் 36 மாதத்துக்குள் ஒரு கோடு தெரிந்தது. அந்த வயதைத் தாண்டிய பிறகு பாதிக்கப்பட்டவர்களால் நடந்ததை ஓரளவு முழுமையாக வாயால் சொல்ல முடிந்தது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது, அல்லது சொல்லவே முடியவில்லை. ஆனால் விளையாட்டிலும் பயத்திலும் நடத்தையிலும் அந்தச் சம்பவம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தது.

ஆக, "மறந்துவிடும்" என்பது பாதி உண்மை. கற்பனையாக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு மாதத்தில் கார் விபத்தில் சிக்கியது. மூன்று வயதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. ஆனால் பொம்மை வண்டி கையில் கிடைத்தால் சுவரில் மோதும், மறுபடி மோதும். முகத்தில் சிரிப்பு இருக்காது. கதை நகராது, யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். வேறு பொம்மையைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மகிழ்ச்சியே இல்லாமல் ஒரே தடத்தில் ஓடும் இந்த விளையாட்டைச் சாதாரண விளையாட்டிலிருந்து பிரித்தறிவது, குழந்தைப் பருவ மனக்காயத்துக்குச் சிகிச்சை தரப் பயில்பவர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. அனுபவம் உள்ளவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். புதிதாக வருபவர் ஐந்து வாரம் பார்த்தும் "நன்றாக விளையாடுகிறான்" என்று குறிப்பு எழுதுவார்.

பெயர் வைப்பதிலும் நீண்ட காலம் சிக்கல் இருந்தது. மனக்காயத்துக்குப் பின்னான மன அழுத்தக் கோளாறு என்ற நோய்க்கான அளவுகோல்கள் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தன் மனநிலையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தக்கூடிய கேள்விகள் அவற்றில் நிறைய. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.மின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோதுதான் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தனி அளவுகோல் சேர்ந்தது. தொந்தரவு தரும் நினைவு இந்தக் குழந்தைகளிடம் துயரமாக வெளியே தெரிய வேண்டியதில்லை, விளையாட்டாகவே வரலாம் என்று அது ஒப்புக்கொண்டது. கெட்ட கனவு அந்தச் சம்பவத்தைப் பற்றியதுதானா என்று உறுதி செய்ய முடியாமல் போகலாம் என்பதையும் ஏற்றது. சின்னக் குழந்தைகளின் நலனுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான 'ஜீரோ டு த்ரீ' 2016இல் வெளியிட்ட டி.சி. 0-5 என்ற வகைப்பாடு பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்குமென்றே எழுதப்பட்டது. பயிற்சியில் இரண்டையும் சொல்லித்தருவார்கள். படித்தால் வந்துவிடும், பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம், கேட்பது. துறுதுறுப்பு, கவனம் நிற்காமை, பிடிவாதம், பேச்சுத் தாமதம், பழகிய கழிப்பறைப் பழக்கம் திடீரென்று விட்டுப்போவது: குழந்தையை அழைத்து வரும்போது சொல்லப்படுபவை இவைதான். மனக்காயம் என்று சொல்லி யாரும் வருவதில்லை. "இதற்கு முன்னால் குழந்தை பயப்படும்படி வீட்டில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்காவிட்டால் குழந்தை வேறொரு பெயரோடு, சில சமயம் வேறொரு மருந்தோடு வீடு திரும்பும். கேட்கத் தயங்குவது படிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் "கேட்டால் அந்த அம்மா உடைந்துவிடுவாரே" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் பயிற்சியில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, பதில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையே ஒருவருக்கொருவர் நடித்துப் பழகுகிறார்கள்.

சிகிச்சை யாருக்கு?

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும் போரால் வீடிழந்த, குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். குண்டு விழுந்த இரவுகளைப் பற்றிய அவர்களது குறிப்புகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் நிலைகுலையாமல் இருந்தால், குண்டுவீச்சையும் சின்னக் குழந்தைகள் வியப்பூட்டும் அளவுக்குத் தாங்கினார்கள். பாதுகாப்புக்கென்றே அம்மாவிடமிருந்து பிரித்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள்தான் அதிகம் வாடினார்கள். இன்றைய பயிற்சிகளின் அடித்தளம் இதுதான்: ஐந்து வயதுக்குள் நேரும் எந்த ஆபத்தின் தாக்கமும், பார்த்துக்கொள்ளும் பெரியவர் வழியாகவே குழந்தையை வந்தடைகிறது. ஆறுதலும் அதே வழியில்தான் வர வேண்டும்.

இதைச் சிகிச்சையாக மாற்றியவர் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபர்க். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் அவரும் சக ஊழியர்களும் குடும்பங்களை வீட்டிலேயே போய்ப் பார்த்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து பேசியதால் 'சமையலறைச் சிகிச்சை' என்றே அதற்கு ஒரு பெயர் நிலைத்தது. 1975இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வரும் ஒரு தாயின் கதை இன்றும் இந்தத் துறையின் முதல் பாடம். ஐந்தரை மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. அம்மா பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் காது கேளாதவர் போல எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்தவர்களுக்குக் கை பரபரக்கிறது: நாமே தூக்கிவிடலாமா? "தூக்குங்கள்" என்று சொல்லிவிடலாமா? ஃப்ரைபர்க் குழுவினர் வேறொன்றைக் கேட்டார்கள். இந்தப் பெண்ணின் அழுகையை எப்போதாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? அவரது குழந்தைப் பருவம் கைவிடப்பட்டவர்களின் கதை. அதை அவர் அழுது சொல்ல இடம் கிடைத்தபோது, யாரும் சொல்லாமலேயே தன் குழந்தையை அள்ளி அணைக்கத் தொடங்கினார்.

கதை அழகானது. ஆனால் அழகில் மயங்கி, அதன் கடினமான பகுதியைப் பலரும் தவறவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. சிகிச்சையாளர் அங்கே ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. அழும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அம்மா மேல் கோபம் வராமல், தானும் பதறாமல், இருவரையும் ஒரே சமயத்தில் மனதில் தாங்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இது ஒரு வரி. செய்து பழக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. பெரும்பாலும் அதே சம்பவம் அம்மாவையும் காயப்படுத்தியிருக்கும். அடி வாங்கியவர் அம்மா, பார்த்தது குழந்தை. இப்போது குழந்தை கையை ஓங்கினால் அம்மாவுக்கு அடித்தவனின் முகம் தெரிகிறது, அவர் உறைந்துபோகிறார். உறைந்த அந்த முகத்தைக் கண்டு குழந்தைக்கும் அந்த இரவு நினைவுக்கு வருகிறது, இன்னும் ஓங்கி அடிக்கிறது. ஒருவருக்கொருவர் அந்த ஆபத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கும் இருவரில் குழந்தையை மட்டும் தனியறைக்கு அழைத்துப்போய் வாரம் ஒரு மணி நேரம் விளையாடினால் மீதி 167 மணி நேரத்துக்கு என்ன வழி?

வாய்விட்டுச் சொல்வது

ஃப்ரைபர்க்கின் வழியில் வந்த அலிசியா லீபர்மேன், பெட்ரிஷியா வான் ஹார்ன் இருவரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவாக்கியது குழந்தை-பெற்றோர் உளச்சிகிச்சை. பிறப்பு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. குடும்ப வன்முறையைப் பார்த்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளும் அவர்களது தாய்மார்களுமாக 75 ஜோடிகளை வைத்து இவர்கள் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. ஏறத்தாழ ஓர் ஆண்டு, வாரம் ஒரு முறை சிகிச்சை. ஒப்பீட்டுக் குழுவைவிடக் குழந்தைகளின் நடத்தைப் பிரச்சினைகளும் மனக்காய அறிகுறிகளும் நன்றாகக் குறைந்தன.

இந்த முறையில் பயிற்சிக்கு வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று. குழந்தை முதன்முதலாக அறைக்குள் வரும்போது, அது எதற்காக வந்திருக்கிறது என்பதை அதனிடமே சொல்ல வேண்டும். "உன் அப்பா அம்மாவை அடித்ததை நீ பார்த்தாய் என்று அம்மா சொன்னார். அப்போதிலிருந்து உனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, பள்ளியில் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறாய். பயமாகவும் கோபமாகவும் இருக்கும்போது பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு. இங்கே அதை விளையாடியும் பேசியும் பார்க்கலாம், அம்மாவும் நானும் கூடவே இருப்போம்." நடந்தது, அதனால் நீ படும் பாடு, இங்கே செய்யப்போவது என்று மூன்று புள்ளிகள். இதை விளக்க முக்கோணம் என்கிறார்கள்.

மூன்று வயதுக் குழந்தையிடமா? கேட்பவர்கள் அதிர்ந்துபோவதில் வியப்பில்லை. ஆனால் மாற்று வழி என்ன என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். நடந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாத அளவுக்குப் பயங்கரமானது என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. தன்னால்தான் நடந்தது என்று நினைப்பதும் அந்த வயதின் இயல்பு. பெரியவர் ஒருவர் பதறாத குரலில் அதைச் சொல்லும்போது, நீ பார்த்தது எனக்கும் தெரியும், அதைக் கேட்டு நான் ஓடிவிட மாட்டேன் என்ற செய்தி போய்ச் சேர்கிறது. அந்த வார்த்தைகளை முன்கூட்டியே அம்மாவோடு உட்கார்ந்து சேர்ந்து எழுதிக்கொள்வார்கள். அவர் சம்மதிக்காமல் ஒரு சொல்லும் குழந்தையிடம் போகாது. முதல் சில வாரங்கள் பெரியவரோடு மட்டும் தனியாகச் சந்திப்பதே இதற்காகத்தான்.

சொல்ல வேண்டிய நேரத்தில் பயிற்சி பெறுபவர்களின் வாயில் சொற்கள் மழுங்கிவிடுகின்றன. "அடித்தார்" என்பது "வீட்டில் கொஞ்சம் சண்டை" ஆகிவிடும். "இறந்துவிட்டார்" என்பது "தூரமாகப் போய்விட்டார்" ஆகிவிடும். தூரமாகப் போனவர் திரும்பி வருவார் என்று குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழுங்கலில்லாமல், அதே சமயம் குழந்தையைத் திணறடிக்காமல் சொல்லப் பழகுவது பயிற்சியில் பல மாதம் எடுக்கும் வேலை.

இரண்டு நாளும் பதினெட்டு மாதமும்

இரண்டு நாள் பயிலரங்கில் ஏன் முடியாது என்பதற்குப் போதை மீட்புத் துறையில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் குழுவினரும் 2004இல் வெளியிட்டது. 140 சிகிச்சையாளர்களை ஒரு நேர்காணல் முறையில் பயிற்றுவித்தார்கள். சிலருக்குப் பயிலரங்கு மட்டும். சிலருக்கு அதோடு, அவர்கள் நடத்திய அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வதும் தொலைபேசி வழி வழிகாட்டலும். பயிலரங்கு முடிந்த உடனே எல்லோரும் தேறியிருந்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிலரங்கோடு நின்றவர்கள் பெற்றதில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். மற்றவர்களிடம் நின்றது. பேசத் தெரிந்த பெரியவர்களிடம் செய்யும் வேலைக்கே இந்தக் கதி.

அதனால்தான் குழந்தை-பெற்றோர் உளச்சிகிச்சைக்கான முழுப் பயிற்சி 18 மாதம் ஓடுகிறது. மனநலத் துறையில் முதுநிலைப் பட்டமாவது பெற்றவர்களுக்குத்தான் இடம். தொடக்கத்தில் சில நாள் வகுப்பு, பிறகு இடைவெளி விட்டு இரண்டு முறை மீண்டும் கூடுகிறார்கள். நடுவில் மாதம் இரு முறை தொலைபேசியில் நிபுணரோடு குழுவாகப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலம் முழுக்கச் சொந்தமாகக் குடும்பங்களுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்க வேண்டும். தனி ஆளாக வராமல் ஒரே நிறுவனத்திலிருந்து குழுவாக, மேற்பார்வையாளரோடு சேர்ந்து வருவதுதான் வழக்கம். அந்த மேற்பார்வையாளரும் இந்த முறையில் சிகிச்சை கொடுத்துக் கற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல இடங்களில் புதிய முறை ஏன் வேரூன்றுவதில்லை என்றால், திரும்பிப் போனதும் "அதெல்லாம் இங்கே நடக்காது" என்று சொல்ல மேலே ஒருவர் இருப்பார்.

வேறு பாதையில் போனவர் டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர். அவரது ஏ.பி.சி. முறை பத்தே அமர்வுகள், எல்லாம் வீட்டில். அழும்போது அரவணைப்பது, குழந்தை போகும் போக்கில் மகிழ்ச்சியோடு கூடப் போவது, பயமுறுத்தாமல் இருப்பது ஆகிய மூன்றைத்தான் பெற்றோரிடம் வளர்க்கப் பார்க்கிறது. அதற்கான கருவி, நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லும் ஒரு வாக்கியம்: "அவன் கரண்டியை நீட்டினான், நீங்கள் உடனே வாங்கிக்கொண்டீர்கள், உங்களுக்கு அவன் முக்கியம் என்று அவனுக்குத் தெரிகிறது." இப்படிச் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறையாவது சொல்ல வேண்டும். பயிற்சி பெறுபவர் தன் அமர்வின் காணொளியில் ஐந்து நிமிடத்தை எடுத்து, எங்கே சொன்னேன், எங்கே சொல்ல வாய்ப்பிருந்தும் விட்டேன் என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டு மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். ஓராண்டு முழுக்க வாரா வாரம் இது நடக்கும். கேட்கக் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் தன் குரலைத் தானே கேட்டு, தவறவிட்ட கணங்களை எண்ணுவதைவிட நேர்மையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சில முறைகள் உண்டு. உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் தொடங்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் பெற்றோர் காதில் ஒலிக்கருவி இருக்கும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிகிச்சையாளர் சொல்லிக்கொடுப்பார். நடத்தைப் பிரச்சினைகளுக்காக உருவானது, பின்னர் குழந்தையை அடித்த பெற்றோருக்கும் பயன்பட்டது. மூன்று வயதிலிருந்து பயன்படுத்தக்கூடிய, மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையும் இருக்கிறது. எந்த முறை சிறந்தது என்ற விவாதம் ஓயாது. ஐந்து வயதுக்குள்ளான குழந்தைக்கு என்று வரும்போது எல்லாமே பெரியவரைச் சிகிச்சையின் நடுவே கொண்டுவருகின்றன என்பதைக் கவனித்தால் போதும்.

பார்ப்பது தானாக வந்துவிடாது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1952இல் பிரிட்டனில் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டரை வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். வேண்டிய காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லக் கூடாதென்று தினமும் குறித்த நேரத்தில்தான் எடுத்தார். லண்டனில் மருத்துவர்கள் முன் திரையிட்டபோது பலர் கோபப்பட்டார்கள். தங்கள் வார்டில் குழந்தைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்றார்கள். அழுது ஓய்ந்து அடங்கிப்போன குழந்தையை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடங்கிப்போனதை நன்றாகப் பழகிவிட்டது என்று படித்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் அப்படிப் படிக்கிறோம்? தாங்க முடியாததால். குழந்தையின் வலியை அருகிலிருந்து பார்ப்பவருக்கு அதைக் குறைத்துப் பார்க்கத் தோன்றும், அல்லது ஓடிப்போய்க் காப்பாற்றத் தோன்றும், அல்லது பெற்றோரை வெறுக்கத் தோன்றும். இந்த மூன்றையும் கவனித்துப் பேசுவதற்காகவே இந்தத் துறையில் தனி வகை மேற்பார்வை இருக்கிறது. வாரம் ஒரு முறை, அவசரமில்லாமல். எத்தனை அமர்வு முடித்தாய் என்று கேட்பதற்குப் பதிலாக, "அந்த அம்மா குழந்தையின் கையைத் தட்டிவிட்டபோது உனக்குள் என்ன ஓடியது?" என்று கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் இதை முதலில் வீண் பேச்சு என்றே நினைக்கிறார்கள். தான் கோபப்பட்டதை ஒத்துக்கொள்ள வெட்கம் வேறு. சிகிச்சையாளர்களுக்கே இரவில் தூக்கம் கெடுவதும், கேட்ட கதைகள் கண்ணில் நிற்பதும், சிலர் வேலையையே விட்டுப்போவதும் இந்தத் துறையில் அறிந்ததுதான். மேற்பார்வைக்கு ஒதுக்கும் நேரம் அதைத் தடுக்கவும் ஒரு வழி. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நிறுவனங்கள் முதலில் வெட்டுவதும் அந்த நேரத்தைத்தான்.

சரி, அப்படியானால் குறுகிய பயிற்சிகள் வீணா? இல்லை, ஆனால் அவை வேறு வேலைக்கானவை. மழலையர் பள்ளி ஆசிரியர், காப்பகப் பணியாளர், செவிலியர், குடும்ப வழக்கை விசாரிப்பவர் இவர்கள் யாரும் சிகிச்சை கொடுக்க வேண்டியதில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளியும் குழந்தையைக் குறும்பு என்று தண்டிக்காமல் இருக்கவும், தினசரி நடைமுறையை மாறாமல் வைக்கவும், யாரிடம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளவும் இரண்டு நாள் பயிற்சி நிறையவே உதவும். மனக்காயத்தைப் புரிந்துகொண்டு நடப்பது ஒன்று, அதற்குச் சிகிச்சை அளிப்பது இன்னொன்று. சான்றிதழ்களில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாசகம் இருப்பதுதான் குழப்பம். வார இறுதியில் இணையவழி வகுப்பு முடித்தவரும் 18 மாதம் மேற்பார்வையில் இருந்தவரும் பெயர்ப்பலகையில் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

அதனால் குழந்தையை அழைத்துப்போகும் ஒருவர் கேட்டுப் பார்க்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் அமர்வுகளை யாராவது பார்த்தோ கேட்டோ கருத்துச் சொல்கிறார்களா? நடந்ததைக் குழந்தையிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள்? அப்புறம், நான் எங்கே இருப்பேன்? கூடவே அறைக்குள் என்று சிலர் சொல்வார்கள். முதலில் குழந்தையோடு, பிறகு அதே அளவு நேரம் உங்களோடு என்று சிலர் சொல்வார்கள், அதுவும் முறையான சிகிச்சைகளில் உண்டு. "நீங்கள் வெளியே உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துபவரிடம், எந்த முறையில், எவ்வளவு நாள் பயிற்சி பெற்றார் என்று இன்னொரு தடவை கேட்கலாம்.